கடைசியாகத் தொட்டவன்

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் நாம் முதலில் கேட்கிற கேள்வி, "எப்படிக் கெட்டது?" என்பதல்ல, "யார் கடைசியாகத் தொட்டது?" என்பதுதான். கடிகாரம் நின்றாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விசாரணைதான். ஆள் அகப்பட்டுவிட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி. கடிகாரம் ஓடாவிட்டால் என்ன, குற்றவாளி கிடைத்துவிட்டான் அல்லவா!

இந்த விசாரணையில் நானும் ஒரு நிபுணன் என்றே இத்தனை வருஷமும் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபத்து நாலாவது வயதில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு கம்ப்யூட்டர் வந்து அந்தக் கர்வத்தை அடக்கியது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தமக்கையின் பேரன் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து கொடுத்தான். பச்சை நிறத்தில் ஒரு பலகை. 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். வெற்றிலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதற்கு மூடி கிடையாது, திரை கிடையாது, தட்டுவதற்கு எழுத்துக்கட்டை கிடையாது, போடவும் நிறுத்தவும் ஒரு ஸ்விட்ச்கூடக் கிடையாது. மின்சார ஒயரைச் செருகினால் விழித்துக்கொள்ளும். மற்ற அங்கங்களையெல்லாம் நாம்தான் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ள வேண்டும். என் பழைய டெலிவிஷன் பெட்டி அதற்குத் திரையாயிற்று.

ராஸ்பெரி பை என்று அதற்குப் பெயர். ராஸ்பெரி என்பது ஒரு பழம். பை என்பது பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியின் பெயரிலிருந்து கிள்ளி எடுத்தது. 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 29-ஆம் தேதி அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். என்னிடம் இருப்பது மூன்றாவது மாதிரி. அதுவும் 2016-இல் ஒரு பிப்ரவரி 29-ஆம் தேதிதான் வெளிவந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை பிறந்தநாள் கொண்டாடும் வம்சம் போலும்!

இதைச் செய்தவர்களின் நோக்கம் எனக்கு வெகுவாகப் பிடித்திருந்தது. எபன் அப்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிக்க விண்ணப்பம் போடுகிற மாணவர்களின் தொகை வருஷா வருஷம் குறைந்துகொண்டு வந்தது. வருகிறவர்களுக்கும் யந்திரத்தைச் சொந்தமாக நோண்டிப் பழகிய அநுபவம் இல்லை. வீட்டில் இருக்கும் விலையுயர்ந்த கம்ப்யூட்டரைப் பையன் தொட்டால் அப்பா கையைத் தட்டிவிடுகிறார். பிறகு எங்கிருந்து அநுபவம் வரும்? ஆகவே, கெட்டாலும் பாதகமில்லை என்று குழந்தைகள் கையில் தைரியமாகக் கொடுக்கக்கூடிய ஒன்றைச் செய்யவேண்டும் என்று அவர்கள் புறப்பட்டார்கள். பையன்கள் தொடுவதற்கென்றே பிறந்த யந்திரம் என்று சொல்லலாம். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்தான் மறந்துவிட்டேன்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாளுக்கு ஒரு மகன். தினேஷ் என்று பெயர், பதினொன்றாம் வகுப்பு. துணி கொடுக்க வந்த ஒருநாள் மேஜைமேல் இருந்த பலகையைப் பார்த்தவன், கண்ணை எடுக்காமல் நின்றான். "இது பைதானே தாத்தா? பள்ளிக்கூடத்துல வாத்தியார் படம் காட்டினாரு" என்றான். அவன்தான் அதற்கு உயிர் கொடுத்தான். தமிழில் தட்டெழுத வழி செய்தான். ஒரு ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, நான் எழுதுவதெல்லாம் அதில் போய்ச் சேரும்படி செய்தான். பகலில் நான் நாவல் எழுதுவேன். மாலை ஆறு மணிக்குமேல் அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்து பைத்தான் படிப்பான். எட்டு மாதம் இந்த ஏற்பாடு வெகு சௌகரியமாக நடந்தது.

சென்ற வருஷம் சித்திரை மாதம் வெயில் தாங்க முடியவில்லை. மேஜையை ஜன்னல் ஓரமாக நகர்த்திக்கொண்டேன். கம்ப்யூட்டரோடு வந்த சார்ஜரின் ஒயர் அங்கே எட்டவில்லை. வீட்டில் பழைய டெலிபோன் சார்ஜர் ஒன்று சும்மா கிடந்தது. அதற்கு இரண்டு மீட்டர் நீளத்தில் மெல்லிய வெள்ளை ஒயர். முனை இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. செருகினேன், வேலை செய்தது. அன்று முழுவதும் ஒரு குறையும் இல்லை. அந்தக் காரியத்தை அத்தோடு மறந்தும் போனேன்.

அன்று மாலை தினேஷ் வந்து, ஏதோ புதுப்பிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் என்னென்னவோ செய்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை என்றால் ஒரேயடியாகப் படுத்துவிடவில்லை. பாதி எழுந்தது. திரையில் வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்தது. அப்புறம் மேலே வரிசையாக நாலு ராஸ்பெரிப் பழங்கள் வந்தன. உள்ளே நாலு மூளைகள் இருக்கின்றன என்பதற்கு அது அடையாளமாம். அதன்பின் வெள்ளை எழுத்துக்களில் வரி வரியாக என்னவோ ஓடிற்று. ஓடி, ஓடி, நடுவில் நின்றது. நின்றது நின்றதுதான். எழுத்துக்கட்டையில் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன்; மறுபடியும் பாதி வழியில் ஸ்தம்பித்தது. அதற்குள் என் நாவலின் பதினோரு அத்தியாயங்கள் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

மாலையில் தினேஷ் வந்தான். திரையைப் பார்த்தான். மேஜை நகர்ந்திருப்பதையும் பார்த்தான். "தாத்தா, நீங்க ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தான்.

"நான் ஒன்றும் செய்யவில்லை. நேற்று ராத்திரி கடைசியாகத் தொட்டது நீ. என்னத்தையோ நோண்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பதினோரு அத்தியாயம் போச்சு. இனிமேல் இதன் பக்கத்தில் வராதே" என்று சொல்லிவிட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். மறுநாள் துணியைக் கொடுக்க அவன் வரவில்லை. அவன் தாயார்தான் வந்தாள். கணக்குச் சொல்லிக் காசை வாங்கிக்கொண்டாள். வேறு பேச்சில்லை.

சரி, பையன் இல்லாவிட்டால் என்ன, நாமே பார்ப்போம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்தேன், கேட்டேன். அப்பொழுது தெரிந்துகொண்ட விஷயங்கள் சுவாரஸ்யமானவை.

கம்ப்யூட்டர் எழுந்திருப்பதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்கிறார்கள். பூட்ஸுக்குப் பின்னால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு வார் இருக்கும் அல்லவா? தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்து இழுத்து, ஒருவன் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிற அதிசயத்தைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் அது. பொருத்தமான பெயர்தான். கம்ப்யூட்டருக்கு எதைச் செய்யவும் யாராவது கட்டளை படித்துக் காட்டவேண்டும். கட்டளையைப் படிப்பது எப்படி என்பதற்கும் ஒரு கட்டளை வேண்டுமே! 1949-ஆம் வருஷம் மே மாதம் இதே கேம்பிரிட்ஜில் எட்ஸாக் என்ற கம்ப்யூட்டர் தன் முதல் கணக்கைப் போட்டது. சுமார் 3,000 வால்வுகள் கொண்ட அந்த ராட்சசனுக்கும் இதே சங்கடம் இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் உபயோகிக்கும் ஸ்விட்சுகளில் 31 கட்டளைகளை நிரந்தரமாகப் பதித்து வைத்தார்கள். பொத்தானை அழுத்தியதும் முதலில் அந்த 31 கட்டளைகள் உள்ளே போகும். மற்றதை அவை படித்துக்கொள்ளும்.

என் பலகையிலும் அதே கதைதான். இதில் ஒரு வேடிக்கை: ஒயரைச் செருகியவுடன் விழிப்பது கணக்குப் போடும் மூளை அல்ல, திரையில் படம் காட்டுகிற மூளை. அது எழுந்து மெமரி கார்டிலிருந்து ஒரு சின்னக் கட்டளைத் தொகுதியைப் படிக்கிறது. அது அடுத்ததைப் படிக்கிறது. அதற்கப்புறம்தான் பெரிய மூளைகள் எழுந்து லினக்ஸ் என்ற நிர்வாகியின் கையில் பொறுப்பு போகிறது. வீட்டில் வேலைக்காரி எழுந்து, வாசல் தெளித்து, காப்பி போட்டு, எஜமானரை எழுப்புவதைப் போல.

ஆகவே எந்தப் படியில் நின்றது என்று பார்த்தால் நோய் புரியும் என்றார்கள். பலகையில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அது நாலு தடவை மினுக்கி நின்றால் ஒரு குறிப்பிட்ட கட்டளைத் தொகுதி கார்டில் இல்லை என்று அர்த்தம். ஏழு தடவை மினுக்கினால் லினக்ஸின் கருவே இல்லை என்று அர்த்தம். பிரசவ அறை வாசலில் நிற்பவனைப்போல் உட்கார்ந்து எண்ணினேன். நாலும் இல்லை, ஏழும் இல்லை. மனம்போன போக்கில் மினுக்கிற்று.

பிறகு திரையில் கடைசியாக நின்ற வரியைப் பார்த்தேன். ‘இந்த வரியில்தான் நின்றது; ஆகவே இதுதான் குற்றவாளி’ என்று எண்ணி, அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு லாப்டாப் வைத்திருக்கிறார். அவர் மகள் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, கடைசி வரி என்பது ஒழுங்காக வேலையை முடித்துவிட்டுத் தகவல் சொன்னவன். அதற்கு அடுத்தவன்தான் பேசாமல் போய்விட்டான். அவன் பெயர் திரையில் இருக்காது" என்றாள்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. கார்டுதான் கெட்டிருக்க வேண்டும், தினேஷ் புதுப்பித்ததில்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டேனே! புதுக் கார்டு ஒன்று வாங்கி, அந்தப் பெண்ணிடம் கொடுத்து, லினக்ஸைப் புதிதாக எழுதித் தரச் சொன்னேன். தினேஷின் விரல் படாத, தூய்மையான கார்டு. கொண்டுவந்து செருகினேன்.

வானவில். நாலு பழங்கள். வரிகள். பாதி வழியில் ஸ்தம்பிதம்.

இந்த இடத்தில் ஒரு நியாயாதிபதியாக இருந்தால் கைதியை விடுதலை செய்திருப்பார். அவன் தொட்ட கார்டு வெளியே இருக்கிறது. நோய் உள்ளேயே இருக்கிறது. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘ஓகோ, கார்டை மட்டுமல்ல, பலகையையே கெடுத்துவிட்டான்’ என்று நினைத்தேன். குற்றவாளியை முதலில் தீர்மானித்துவிட்டால் சாட்சியம் எப்படி வந்தாலும் அவனுக்கு எதிராகவே படிக்கத் தெரிகிறது நமக்கு.

மூன்றாம் நாள், அலுத்துப்போய், மாட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றினேன். எழுத்துக்கட்டை, ஹார்ட் டிஸ்க், இன்னும் என்னென்னவோ. மொட்டைப் பலகையும் திரையும் மட்டும். ஒயரைச் செருகினேன். ஒரு தயக்கமும் இல்லாமல் முழுக்க எழுந்தது! எழுத்துக்கட்டையை மாட்டினேன், எழுந்தது. டிஸ்க்கை மாட்டினேன், நின்றது. ஆகா, டிஸ்க்தான் என்று அதைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். லாப்டாப்பில் அது சமர்த்தாகச் சுழன்றது. பதினோரு அத்தியாயமும் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தன. அந்தப் பெண் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

கார்டு நன்றாக இருக்கிறது. பலகை நன்றாக இருக்கிறது. டிஸ்க் நன்றாக இருக்கிறது. ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான், மேஜை இருட்டில், டிஸ்க் முனகுகிற சத்தம் காதில் விழுந்தது. சுழல எத்தனிக்கும், முடியாமல் ‘டிக்’கென்று நிற்கும், மறுபடி எத்தனிக்கும்.

அந்த முனகலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

1966-ஆம் வருஷக் கோடை. தஞ்சை ஜில்லாவில் எங்கள் கிராமத்தில், லைனின் கடைசிக் கம்பத்தில் எங்கள் பம்பு செட். ஒருநாள் மோட்டாரைப் போட்டதும் அது உறுமிற்று, சுற்றவில்லை. சற்று நேரத்தில் புகை வந்தது. காயில் எரிந்துபோயிற்று. மோட்டாரைப் போட்டவர் எங்கள் பண்ணையில் இருந்த கோவிந்தன். என் தகப்பனார் ஒரே கேள்விதான் கேட்டார்: "கடைசியாகத் தொட்டது யார்?" காயில் கட்டின கூலியை அவர் நெல்லில் பிடித்துக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் எரிந்தது. அன்று மோட்டாரைப் போட்டது என் தகப்பனாரேதான். லைன்மேன் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். 400 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 300-கூட இல்லை. வழி நெடுக எல்லாப் பம்புகளும் ஓடுகையில், கடைசிக் கம்பத்துக்கு வந்து சேருகிற மின்சாரம் அவ்வளவுதான். மோட்டார் மேல் பிசகில்லை, போட்டவர்மேலும் பிசகில்லை. என் தகப்பனார் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் பிடித்த நெல்லைத் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. களத்து மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்பொழுது பதினாறு வயது. தினேஷின் வயது.

விளக்கைப் போட்டேன். பலகையின் ஓரத்தில் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. நான் பச்சையையே எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, சிவப்பைப் பார்க்கவில்லை. 5 வோல்ட் வேண்டிய அந்தப் பலகைக்கு வந்து சேருவது 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அந்தச் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். டிஸ்க் முனகும்போதெல்லாம் அது அணைந்து அணைந்து எரிந்தது. அதுமட்டுமா? திரையின் மேல் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மின்னல் குறி மூன்று நாளாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ‘மின்சாரம் வருகிறது’ என்று தெரிவிக்கும் அலங்காரம் என்று நான் எண்ணியிருந்தேன். ‘மின்சாரம் போதவில்லை’ என்று அது கதறியிருக்கிறது!

காரணம் அந்த வெள்ளை ஒயர். மயிரிழைபோன்ற கம்பி, போக இரண்டு மீட்டர், திரும்ப இரண்டு மீட்டர். அத்தனை தூரத்துக்கு அதன் தடை முக்கால் ஓமுக்குக் குறையாது. ஓர் ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். டெலிபோனுக்கு அதனால் நஷ்டமில்லை, மெதுவாகச் சாப்பிட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டரோ நாலு மூளைகளும் விழித்து, டிஸ்க்கும் சுழலத் தொடங்குகிற அந்தச் சில விநாடிகளில்தான் வயிறு நிறையக் கேட்கிறது. கேட்டது கிடைக்காமல் மயங்கி விழுகிறது. முதல் நாள் ஓடியதே என்றால், அன்று மேஜையை நகர்த்தியபோது நான் கம்ப்யூட்டரை எழுப்பிய பிறகுதான் டிஸ்க்கை மாட்டினேன். இரவு அதை மாட்டியபடியே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். அப்படியும் இப்படியும் விளிம்பில் நின்ற காரியம், காலையில் விழுந்துவிட்டது.

மேஜையைப் பழைய இடத்துக்கே தள்ளி, பழைய சார்ஜரைச் செருகினேன். 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. தினேஷ் புதுப்பித்த பழைய கார்டையே போட்டேன். டிஸ்க்கையும் சேர்த்து, ஒரு மூச்சில் எழுந்து நின்றது. சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது.

கடைசியாகத் தொட்டவன் நான்தான். நான் தொட்டது எனக்குக் கணக்கிலேயே வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை இஸ்திரி வண்டிக்குப் போனேன். தினேஷ் கரி விசிறிக்கொண்டிருந்தான். பெரிய பேச்சாகப் பேசவேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனவனுக்கு, அங்கே போனதும் வாய் வரவில்லை. "தப்பு என்னுடையதுப்பா. ஒயரை நான்தான் மாற்றினேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "சிவப்பு லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுதா தாத்தா?"

"ஆமாம்."

"அன்னிக்கே அதைத்தான் கேக்க வந்தேன். ஒயரை மாத்தினீங்களான்னு" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சொன்னான், அவ்வளவுதான். அவன் தாயார் சட்டை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "போடா, சாயங்காலம் போய்ப் பாரு" என்று மகனிடம் சொல்லிவிட்டு மறுபடி மடித்தாள்.

மாலையில் வந்தான். வெள்ளை ஒயரை எடுத்து, மறுபடி யாரும் ஏமாறாமல் இருக்க நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, என் டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தான். "கெட்டுப்போனா ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும் தாத்தா. நாம என்ன என்ன மாத்தினோம்னு எழுதி வச்சுக்கணும்" என்றான். அதற்காக ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்திருந்தான். அதில் முதல் வரியை நான்தான் எழுதினேன்: ‘ஒயர் மாற்றியது — தாத்தா.’

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதை முடிக்க ஆசைதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். முன்பெல்லாம் வந்தவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற பையன், அன்று முதல் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "தொடலாமா தாத்தா?" என்று கேட்க ஆரம்பித்தான். ஒவ்வொரு நாளும் கேட்டான். "தொடேன் அப்பா" என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். யந்திரத்தில் இருந்த கோளாறு மூன்று நாளில் தீர்ந்தது. இந்தக் கேள்வி நிற்பதற்கு ஆடி மாதம் ஆயிற்று.

இப்போது கேட்பதில்லை. நேற்றுக்கூட நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து, "கொஞ்சம் எந்திரிங்க தாத்தா" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டான். பன்னிரண்டாம் அத்தியாயம் பாதியில் நிற்கிறது. நிற்கட்டும்.